சுருண்டுபோன விரல்களால் ஒரு லட்சம் கண் ஆபரேஷன்... யார் இந்த டாக்டர் வெங்கடசாமி?

பொழுது விடியும் முன்பே போடிநாயக்கனூரில் இருந்து ஜீப்புகள் கிளம்பிவிடும். முந்தல் செக்போஸ்ட்டைத் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, போடிமெட்டு வழியாகக் கேரளப் பக்கம் உள்ள ஏலத்தோட்டங்களுக்குப் போகும் ஜீப்புகள் அவை. உள்ளே இருப்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். ஏலச்செடியின் அடியில் குனிந்து, சரத்தில் விளைந்த காயை மட்டும் பார்த்துப் பறிப்பதுதான் அவர்கள் வேலை. பிஞ்சு எது, விளைந்தது எது என்று கண்தான் சொல்ல வேண்டும்.

கண் மங்கினால்? வேலை மெதுவாகும், கூலி குறையும், கடைசியில் ஜீப்பில் இடமே இருக்காது. சரி, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால், போடிமெட்டில் இருந்து மதுரை 100 கிலோமீட்டருக்கும் மேல். பஸ் செலவு ஒரு பக்கம். அன்றைய கூலி போகும். பார்வை மங்கியவரைத் தனியாக அனுப்ப முடியாது, கூடப்போகிறவர் கூலியும் போகும். வைத்தியம் இலவசம் என்றாலும், போய் வருவது இலவசம் இல்லை.

இந்தக் கணக்கை வாழ்நாள் முழுக்கப் போட்டுப் பார்த்த ஒரு டாக்டர் இருந்தார். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி. உலகம் முழுக்க 'டாக்டர் வி' என்றால் இவர்தான். அவர் 2006இல் மறைந்துவிட்டார். ஆனால் பார்வை இழப்பைத் தடுப்பது எப்படி, போன பார்வையை மீட்பது எப்படி என்ற பேச்சு உலகில் எங்கே எழுந்தாலும் இவர் பெயர் வந்துவிடும். ஏன்? விரிவாகப் பார்ப்போம்.

மணலில் எழுதிப் படித்த விவசாயி மகன்

1918 அக்டோபர் 1ஆம் தேதி, எட்டயபுரம் பக்கம் உள்ள வடமலாபுரம் என்ற சின்ன கிராமத்தில், விவசாயக் குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார் வெங்கடசாமி. இன்று அது தூத்துக்குடி மாவட்டம். ஊரில் சரியான பள்ளிக்கூடம் கிடையாது. ஆற்று மணலைத் தரையில் பரப்பி, அதில் விரலால் எழுதித்தான் எழுத்துக் கற்றுக்கொண்டார்.

சின்ன வயதிலேயே ஒரு அடி. உறவுக்காரப் பெண்கள் மூன்று பேர் அடுத்தடுத்துப் பிரசவத்தை ஒட்டி இறந்துபோனார்கள். பக்கத்தில் டாக்டர் இல்லை. பெரியவன் ஆனதும் பிரசவம் பார்க்கும் டாக்டர் ஆக வேண்டும் என்ற எண்ணம் அப்போதே மனதில் விழுந்துவிட்டது.

மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் படித்தார். பிறகு சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1944இல் எம்.பி.பி.எஸ். முடித்தார். இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த நேரம். ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது.

கையை முடக்கிய நோய்

30 வயதுக்குள்ளேயே கடுமையான முடக்குவாதம் வந்தது. ஆங்கில மருத்துவத்தில் ருமட்டாய்ட் ஆர்த்ரைட்டிஸ் என்று சொல்வார்கள். உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய் இது. 1948இல் ராணுவ வேலையை விட வேண்டியதாயிற்று. நீண்ட காலம் படுத்த படுக்கை. எழுந்து நிற்கவே முடியாத நிலை. நோய் தணிந்தபோது, கை கால் விரல்கள் நிரந்தரமாகக் கோணிச் சுருண்டுபோயிருந்தன.

பேனா பிடிக்கவே கஷ்டப்பட்ட கையால் பிரசவம் பார்ப்பது நடக்காத காரியம். சின்ன வயதுக் கனவு அங்கேயே முடிந்தது. இன்னொருவராக இருந்தால் மருத்துவத்தையே விட்டிருக்கலாம். இவர் கண் மருத்துவத்துக்கு மாறினார். 1951இல் கண் மருத்துவத்தில் டிப்ளமோ, அதன்பின் 1954இல் எம்.எஸ். பட்டம்.

கண் ஆபரேஷன் என்பது மில்லிமீட்டர் கணக்கில் கத்தி போடுகிற வேலை. நல்ல விரல் உள்ளவர்களுக்கே கை நடுங்கும். வெங்கடசாமி தன் வளைந்த விரல்களுக்குத் தோதான கருவிகளை அமைத்துக்கொண்டு, கத்தி பிடிப்பதைத் திரும்பத் திரும்பப் பழகினார். பிற்காலத்தில் ஒரே நாளில் 100 கண்புரை ஆபரேஷன் வரை செய்தார். வாழ்நாளில் அவர் கையால் செய்தது ஒரு லட்சத்துக்கும் மேல்.

ஏன் கண்புரை?

1956இல் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவராகவும், இன்று ராஜாஜி மருத்துவமனையாக இருக்கும் எர்ஸ்கின் மருத்துவமனையில் கண் டாக்டராகவும் சேர்ந்தார். அங்கே வந்த நோயாளிகளைப் பார்த்தபோது ஒரு விஷயம் தெளிவானது. பார்வை இழந்தவர்களில் பெரும்பாலானோருக்கு இருந்தது கண்புரை.

நம் கண்ணுக்குள் இயற்கையாகவே கண்ணாடி போல ஒரு லென்ஸ் இருக்கிறது. வயதாக ஆக அது வெளுத்து மங்கிவிடும். வெளிச்சம் உள்ளே போகாது. விழித்திரையும் நரம்பும் நன்றாகவே இருக்கும். மங்கிய லென்ஸை எடுத்துவிட்டால் பார்வை திரும்பிவிடும். அதாவது, தெருவில் தடியூன்றிப் போகிற முதியவர்களில் பலர் தேவையே இல்லாமல் பார்வையற்றவர்களாக இருந்தார்கள். வைத்தியம் கண்டுபிடிக்கப்பட்டு வெகுகாலம் ஆகியும் அது அவர்களிடம் வந்து சேரவில்லை.

நோயாளி ஆஸ்பத்திரிக்கு வரவில்லை என்றால் ஆஸ்பத்திரி நோயாளியிடம் போக வேண்டும் என்று முடிவு செய்தார். 1960களின் தொடக்கத்தில் கிராமம் கிராமமாகக் கண் முகாம்கள் ஆரம்பமாயின. பள்ளிக்கூடங்களில் பரிசோதனை. ஊர்ப் பெரியவர்கள், சங்கங்கள் ஏற்பாடு. 1966இல் பார்வையற்றவர்களுக்கு மறுவாழ்வு மையம் வந்தது. 1973இல் டாக்டர் அல்லாத கண் மருத்துவ உதவியாளர்களுக்குப் பயிற்சி தொடங்கியது. அதே ஆண்டு பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது.

58 வயதில் 11 படுக்கை

1976. இந்திய அரசு தேசியப் பார்வை இழப்புத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கிய ஆண்டு. அந்த ஆண்டுதான் 58 வயதில் வெங்கடசாமி அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி, தங்கைகளை வளர்த்து ஆளாக்குவதிலேயே காலம் போயிருந்தது. இனி ஓய்வுதான் என்று ஊர் நினைத்திருக்கும்.

அவரோ மதுரையில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு மருத்துவமனை தொடங்கினார். ஸ்ரீ அரவிந்தர் மீது ஈடுபாடு கொண்டவர் என்பதால் அவர் பெயரையே வைத்தார். கையில் பெரிய பணம் இல்லை. வீட்டை அடமானம் வைத்தார்கள், நகைகள் அடகுக்குப் போயின. தங்கை டாக்டர் நாச்சியார், அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி, தம்பி ஸ்ரீனிவாசன் என்று குடும்பமே வேலையில் இறங்கியது.

பணம் கட்ட முடிந்தவர் கட்டலாம். முடியாதவருக்கு இலவசம் அல்லது மிகக் குறைந்த கட்டணம். இரண்டு பேருக்கும் அதே டாக்டர்கள், அதே ஆபரேஷன். அறை வசதியில்தான் வித்தியாசம். கட்டணம் கட்டியவர்களால் வந்த வருமானத்தில் மற்றவர்களின் செலவு ஓடியது.

ஆனால் இப்படி நடத்த வேண்டும் என்றால் ஒரு ஆபரேஷனுக்கு ஆகும் செலவு குறைய வேண்டும். அதற்கு டாக்டரின் நேரம் வீணாகக் கூடாது. உலகம் முழுக்க ஒரே தரத்தில், மலிவாக, வேகமாகச் சாப்பாடு கொடுக்கிற மெக்டொனால்ட்ஸ் கடைகள் அவருக்கு ஆச்சரியமாக இருந்தன. பர்கருக்கு முடிகிறது, கண்ணுக்கு ஏன் முடியாது என்பதுதான் அவர் கேள்வி.

ஆபரேஷன் தியேட்டரில் ஒரு டாக்டருக்குப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேஜைகள். ஒரு நோயாளிக்கு முடிக்கும்போது அடுத்தவர் தயாராக இருப்பார். டாக்டர் திரும்ப வேண்டியதுதான். தயார் செய்வது, பரிசோதிப்பது, கட்டுப்போடுவது எல்லாம் பயிற்சி பெற்ற பெண் ஊழியர்கள். அவர்களில் பெரும்பாலானோர் கிராமத்தில் இருந்து வந்த பெண்கள். இந்த முறையில் ஒரு டாக்டர் ஆண்டுக்குச் சுமார் 2,000 கண்புரை ஆபரேஷன் செய்ய முடிந்தது. மற்ற இடங்களில் சில நூறுதான்.

1985இல் தேனியிலும் அரவிந்த் கிளை வந்தது. போடி, கம்பம், பெரியகுளம் பக்கத்து மக்கள் மதுரை வரை போகத் தேவையில்லை என்ற நிலை உருவானது.

சோடாபுட்டிக் கண்ணாடியும் லென்ஸ் விலையும்

அந்தக் காலத்தில் கண்புரையை எடுத்தாலும் இன்னொரு தொல்லை இருந்தது. லென்ஸே இல்லாத கண்ணுக்குத் தடிமனான சோடாபுட்டிக் கண்ணாடி போட வேண்டும். அதில் பொருள்கள் பெரிதாகத் தெரியும், பக்கவாட்டில் சரியாகத் தெரியாது. கண்ணாடி உடைந்தாலோ தொலைந்தாலோ மறுபடியும் இருட்டு. மலைச்சரிவில் நடந்து வேலை செய்கிறவருக்கு இது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்குத் தீர்வு வெளிநாட்டில் ஏற்கெனவே இருந்தது. எடுத்த லென்ஸுக்குப் பதிலாகக் கண்ணுக்குள்ளேயே செயற்கை லென்ஸ் வைக்கும் முறை. ஆனால் இறக்குமதி செய்த ஒரு லென்ஸின் விலை சுமார் 100 டாலர். ஏழை நாடுகளுக்கு இது கட்டுப்படியாகாது என்றுதான் அப்போது பலரும் சொன்னார்கள்.

வெங்கடசாமி குழு, சேவா அறக்கட்டளை போன்ற நண்பர்களின் உதவியோடு 1992இல் மதுரையிலேயே ஆரோலேப் என்ற தொழிற்சாலையைத் தொடங்கியது. லென்ஸ் விலை முதலில் 10 டாலர் அளவுக்கு இறங்கியது. பிறகு இன்னும் குறைந்தது. இன்று மதுரை லென்ஸ் 100க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது. இலவச முகாமில் வந்த பாட்டிக்கும் கண்ணுக்குள் லென்ஸ் வைப்பது சாதாரண விஷயம் ஆனது.

திரும்பி வரும் பார்வை, வராத பார்வை

இங்கே ஒரு முக்கியமான விஷயம் புரிந்துகொள்ள வேண்டும். எல்லாப் பார்வை இழப்பும் கண்புரை மாதிரி இல்லை.

* கண்புரை: ஆபரேஷன் செய்தால் பார்வை திரும்பும்.
* கண் நீர் அழுத்தம் (குளுக்கோமா): நரம்பு பாதிக்கப்படும். போன பார்வை போனதுதான். இருப்பதைக் காப்பாற்றலாம்.
* சர்க்கரை நோயால் வரும் விழித்திரை பாதிப்பு: சீக்கிரம் கண்டுபிடித்தால் லேசர், ஊசி மூலம் தடுக்கலாம்.
* கருவிழிப் புண்: உடனே மருந்து போட்டால் ஆறும். விட்டால் தழும்பாகிப் பார்வை மறையும். பிறகு கண் தானத்தால் கிடைக்கும் கருவிழிதான் வழி.
* வைட்டமின் ஏ குறைபாடு: குழந்தைகளின் கண்ணைப் பறிக்கும். உணவாலும் சொட்டு மருந்தாலும் தடுக்கலாம்.

அதனால்தான் ஆபரேஷனோடு நிற்காமல் ஆராய்ச்சியும் நடந்தது. திருச்சி மாவட்டத்தில் 15,419 சிறு குழந்தைகளை வைத்து அரவிந்த் குழு அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து ஒரு ஆய்வு செய்தது. வாரம் ஒருமுறை சிறிய அளவு வைட்டமின் ஏ கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 1990இல் வெளியானது. வைட்டமின் பெற்ற குழந்தைகளில் இறப்பு பாதிக்கும் கீழே குறைந்திருந்தது. கண்ணுக்காகத் தேடிய மருந்து உயிரையும் காத்தது.

கருவிழிப் புண் பற்றிய ஆய்வு போடிமெட்டுக்காரர்களுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. 1994இல் மூன்று மாதங்களில் மதுரை அரவிந்துக்குக் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆய்வு செய்தார்கள். 65 சதவீதம் பேருக்கு அதற்கு முன் கண்ணில் ஏதோ அடிபட்டிருந்தது. கிருமி கண்டறியப்பட்டவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்குப் பூஞ்சைத் தொற்று. இலை, குச்சி, நெல் உமி கண்ணில் படும்போது பூஞ்சை உள்ளே போய்விடும். தோட்ட வேலை, வயல் வேலை செய்கிறவர்களுக்கு இது எப்போதும் உள்ள ஆபத்து.

100 பேரில் 7 பேர்கூட வரவில்லை

முகாம்கள் ஆயிரக்கணக்கில் நடந்தன. லட்சக்கணக்கானோர் பயன் பெற்றார்கள். அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததா?

இல்லை என்று சொன்னது ஒரு ஆய்வு. முகாம் நடந்த கிராமப் பகுதிகளில் கண் பிரச்சினை உள்ளவர்களில் எத்தனை பேர் முகாமுக்கு வந்தார்கள் என்று வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். 1999இல் வெளியான அந்த முடிவின்படி, வந்தவர்கள் 7 சதவீதத்துக்கும் குறைவு. மற்றவர்கள் ஏன் வரவில்லை? பயம், போக்குவரத்துச் செலவு, வீட்டு வேலை, துணைக்கு ஆள் இல்லை... அதே பழைய கணக்குதான்.

20 ஆண்டுகளுக்கும் மேலாக முகாமுக்காக உழைத்த நிறுவனத்துக்கு இது கசப்பான முடிவு. அதை மறைக்காமல் எடுத்துக்கொண்டதுதான் இந்தக் கதையில் முக்கியமான இடம். எப்போதாவது ஒரு நாள் வந்துபோகும் முகாம் போதாது, வருடம் முழுக்கத் திறந்திருக்கும் ஒரு சின்ன மையம் பக்கத்து ஊரிலேயே இருக்க வேண்டும் என்று முடிவானது.

போடிக்கு வந்த கண் மையம்

அப்படிப் பிறந்ததுதான் கண் பரிசோதனை மையங்கள். 2004இல் இருந்து இவை தொடங்கப்பட்டன. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தூரத்துக்குப் போகும் வைஃபை இணைப்பை உருவாக்கிக் கொடுத்தார்கள். தேனி மருத்துவமனையோடு அப்படி இணைக்கப்பட்ட ஆரம்பகால மையங்கள் அம்பாசமுத்திரம், ஆண்டிப்பட்டி, சின்னமனூர், பெரியகுளம், போடிநாயக்கனூர். நல்ல இணையம் என்பதே அரிதாக இருந்த காலம் அது.

மையத்தில் டாக்டர் இருக்க மாட்டார். பயிற்சி பெற்ற பெண் ஊழியர் கண்ணைப் பரிசோதித்துப் படம் எடுப்பார். தேனியில் உள்ள டாக்டர் வீடியோவில் நோயாளியோடு பேசுவார். கண்ணாடி மட்டும் போதும் என்றால் அங்கேயே வேலை முடிந்தது. ஆபரேஷன் தேவைப்படுபவர்தான் தேனிக்கோ மதுரைக்கோ போக வேண்டும்.

ஒரு சாதாரணக் கண்ணாடி என்ன பெரிதாகச் செய்துவிடும் என்று நினைக்கலாம். அசாமில் 40 வயதைத் தாண்டிய 751 தேயிலைத் தொழிலாளர்களை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. 2018இல் வெளியான அதன் முடிவில், வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி கொடுத்த பிறகு அவர்களின் வேலைத்திறன், கண்ணாடி இல்லாதவர்களைவிட 20 சதவீதத்துக்கும் மேல் கூடியிருந்தது. பறிக்கிற எடைக்குக் கூலி என்றால் இது நேரடியாகப் பணம். இலை பறிப்பவருக்குச் சரி என்றால், காய் பார்த்துப் பறிப்பவருக்கும் இது பொருந்தும்.

அவருக்குப் பிறகு

2006 ஜூலை 7ஆம் தேதி, 87 வயதில், மதுரையில் டாக்டர் வெங்கடசாமி காலமானார். அவர் பெயரிலேயே மதுரையில் கண் ஆராய்ச்சி நிறுவனம் இயங்குகிறது. அவரது நூற்றாண்டான 2018 அக்டோபர் 1 அன்று கூகுள் தன் முகப்பில் அவர் படத்தை வைத்தது.

அவர் போன பிறகும் ஆராய்ச்சி நிற்கவில்லை. பூஞ்சைப் புண்ணுக்கு விலை உயர்ந்த புது மருந்து நல்லதா, பழைய நாடாமைசின் சொட்டு மருந்து நல்லதா என்று அரவிந்த் மருத்துவமனைகளில் 323 நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2013இல் வந்த முடிவில் பழைய மருந்தே ஜெயித்தது.

கண்புரை ஆபரேஷன் முடிந்ததும் கண்ணுக்குள் ஒரு துளி ஆன்டிபயாடிக் செலுத்தினால் கிருமித் தொற்று குறையுமா என்று 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆபரேஷன்களில் பார்த்தார்கள். 10,000 பேரில் 7 பேருக்கு வந்த தொற்று 2 பேராகக் குறைந்தது. இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் ஆபரேஷன் நடக்கிற இடத்தில்தான் இப்படி ஒரு ஆய்வையே செய்ய முடியும். சர்க்கரை நோயாளிகளின் விழித்திரைப் படத்தைக் கம்ப்யூட்டரே பார்த்துச் சொல்லும் செயற்கை நுண்ணறிவுக்காக கூகுள் செய்த ஆய்விலும் அரவிந்த் படங்கள் பயன்பட்டன.

நீங்கள் கவனிக்க வேண்டியது

வேலை செய்யும்போது இலை, குச்சி கண்ணில் பட்டுச் சிவந்தாலோ உறுத்தினாலோ தாய்ப்பால், இலைச்சாறு, வீட்டில் கிடக்கும் பழைய சொட்டு மருந்து எதையும் ஊற்ற வேண்டாம். அன்றே கண் மையத்துக்குப் போங்கள். 40 வயதைத் தாண்டியவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை கண் அழுத்தம் பார்க்க வேண்டும். சர்க்கரை இருந்தால், பார்வை நன்றாகத் தெரிந்தாலும் விழித்திரைப் பரிசோதனை கட்டாயம்.

இன்று இதுபோன்ற கண் மையங்கள் 100க்கும் மேல் இருக்கின்றன. போடியில் கண்ணைக் காட்டிவிட்டுக் கண்ணாடியோடு வீட்டுக்குப் போகும் ஒருவர், மறுநாள் விடிகாலை ஜீப்பைத் தவறவிட வேண்டியதில்லை.